பதிவாகாத காரைச்செடி

இலத்தூர் மந்திரமூர்த்திக்கு அந்த வயித்தெரிச்சல் ஆரம்பித்தது எண்பத்து நாலாம் வருஷம் சித்திரை மாசம், பண்பொழியில் மாமனார் வீட்டுப் பந்தியில். மூத்த மருமகன் அவன் இருக்கும்போதே இளைய மருமகன் நல்லக்கண்ணுக்கு முதல் இலையைப் போட்டுவிட்டார் மாமனார். பதினெட்டு வருஷமாக அந்த இலை மந்திரமூர்த்தியின் இலை. மூத்தவள் வள்ளித்தாயைக் கட்டியவன் அவன். நல்லக்கண்ணு ஆறு வருஷம் பிந்தி வந்து இளையவள் ரெங்கம்மாளைக் கட்டினவன். வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், அது வேறு கதை.

"என்ன மாமா, இலை மாறிப் போச்சே" என்று சிரிக்கிற மாதிரிதான் கேட்டான் மந்திரமூர்த்தி.

"மாறலை மாப்ளே. சின்ன மாப்ளை இப்பம் போர்டு வச்ச ஆளுல்லா" என்றார் மாமனார், பருப்பைப் பிசைந்துகொண்டே.

போர்டு என்றால் சும்மா போர்டு இல்லை. செங்கோட்டை ரோட்டில், நல்லக்கண்ணு புஞ்சையின் முகப்பில், ஆளுயரத்துக்கும் மேலே இரண்டு இரும்புக் கால் ஊன்றி, பச்சைப் பெயிண்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது: 'அரசு ஏற்பு பெற்ற முன்மாதிரிக் காரைச்செடி. பறவைகளின் புகலிடம். பேணுபவர்: திரு. நல்லக்கண்ணு.' பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டுச் செடியைத் தேடுவார்கள். தேடுவதற்குள் பஸ் போய்விடும். அந்த வகையில் நல்லக்கண்ணு அதிர்ஷ்டக்காரன்.

மந்திரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. போர்டு நல்லக்கண்ணுக்குக் கிடைத்ததுகூடப் பெரிசில்லை. அந்தச் செடி யாருடையது? போன கார்த்திகையில் நல்லக்கண்ணு இவன் புஞ்சைக்கு வந்து, "அண்ணாச்சி, ஒங்க காரைக்கு அடியில கன்னு நெறைய மொளைச்சுக் கெடக்கு. வேலிக்கு ஒண்ணு பிடுங்கிக்கிடட்டா" என்று கேட்டான். "ஒண்ணென்னலே, ரெண்டா எடுத்துக்கோ" என்று சொன்னவன் இந்த மந்திரமூர்த்திதான். அந்த வாயை நினைத்து நினைத்து அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அவன் புஞ்சையின் ஈசான மூலையில் நிற்கிற காரைச்செடியை அதுவரைக்கும் அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவன் டவுசர் போட்ட காலத்திலேயே நின்ற செடி அது. தண்ணீர் ஊற்றியவர் கிடையாது, உரம் வைத்தவர் கிடையாது. எழுபத்து நாலில் கிணறு வற்றி, பனையே ஓலை தொங்கினபோதும் அது பாட்டுக்குப் பச்சையாக நின்றது. கணுவுக்குக் கணு ஜோடி ஜோடியாக முள். வளர்ந்த செடியை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கன்று என்றால் மட்டும் முள் முற்றுவதற்குள் கடித்துவிடும்.

இப்போதுதான் போய் உட்கார்ந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க வயிறு இன்னும் எரிந்தது. உள்ளே ஒரு ஊரே நடந்துகொண்டிருந்தது. மேலே கொண்டைக்குருவி ஜோடி. நடுக்கிளையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சந்தை இரைச்சல் போட்டது. அடியில் சருகைக் கிளறுகிற காடை, அதற்கும் அடியில் முயல் படுத்து எழுந்த பள்ளம். சின்னப் பூவைச் சுற்றித் தேனீயும் பட்டாம்பூச்சியும். வல்லூறு விரட்டினால் குஞ்சும் குருமானும் எல்லாம் இந்த முள்ளுக்குள்ளேதான் வந்து விழும். கார்த்திகையில் மஞ்சளாகப் பழம் பழுத்துவிட்டால் வரத்துப்போக்கு எண்ணி முடியாது.

"இம்புட்டும் எங்கிட்ட இருக்கு. போர்டு மட்டும் அவன்கிட்ட இருக்கு" என்றான் வள்ளித்தாயிடம்.

"குருவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுல்லா, அதான் இங்கனயே கெடக்கு" என்றாள் அவள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அவன் தென்காசிக்கு பஸ் ஏறினான். 'நாட்டுப் புதர்ச்செடி மேம்பாட்டு வட்டார அலுவலகம்' என்று மாடிப்படியில் அம்புக்குறி போட்டிருந்தது. பதினேழு பேர் வேலை பார்க்கிற ஆபீஸ். வராந்தா முழுக்கத் தொட்டித் தொட்டியாக குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். காரைச்செடி ஒன்றுகூட இல்லை. முள் குத்திச் சிப்பந்திகளின் உடுப்பு கிழிகிறது என்று இரண்டு வருஷம் முன்னால் ஒரு சுற்றறிக்கை போட்டு அப்புறப்படுத்திவிட்டார்களாம்.

எழுத்தர் கணபதிசுப்பிரமணியன் படிவத்தை எடுத்து, பேனாவை உதறி, தரையில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் கேட்டார். "செடி நட்ட வருஷம்?"

"நடலைங்கய்யா. தானா மொளைச்சது."

பேனா நின்றது. "தானான்னா?"

"குருவி எச்சம் போட்டு மொளைச்சிருக்கும்."

"அப்பம் நட்டவர்ங்கிற எடத்துல குருவியைத்தான் போடணும். நட்டவர் கையெழுத்து வேணும். எழுதத் தெரியாதுன்னா ரேகை வச்சாலும் போதும்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. சட்டத்தில் இருக்கிற சலுகையை ஒரு குடியானவனுக்கு எடுத்துச் சொல்லும் கருணைதான் இருந்தது.

மந்திரமூர்த்தி யோசித்தான். "நானே நட்டதா போட்டுக்கிடுங்க."

"எந்த வருஷம்?"

"நாப்பத்தொம்பதுன்னு போடுங்க."

"அப்பம் ஒங்களுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

"மைனர்." எழுத்தர் பேனாவை மூடினார். "மைனர் நட்ட செடி செல்லாது. கார்டியன் ஒப்புதல் வேணும்."

"எங்கய்யா காலமாகி இருவது வருஷம் ஆச்சுங்களே."

"அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் கணபதிசுப்பிரமணியன். பிறகு படிவத்தின் தலையில் சிவப்பு மையில் 'அனாமத்து' என்று எழுதினார்.

"நல்லக்கண்ணு மட்டும் எப்படி வாங்கினான்?" அடக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"அவரு முறையா வந்தாரு. கன்னைக் கொண்டாந்து குடுத்தாரு. நாங்க வாங்கி, பதிஞ்சு, நம்பர் போட்டு, அவருக்கே திருப்பிக் குடுத்தோம். இப்பம் அது அரசுக் கன்னு."

"அது எம் புஞ்சையில பிடுங்கினதுய்யா."

"பதியறதுக்கு முந்தி எங்கன இருந்துச்சுங்கிறது எங்க ரெக்கார்டுல வராது."

உதவி இயக்குநர் முத்துக்குமாரசாமி சத்தம் கேட்டு உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே கேட்கும்படி ஆயிற்று.

"காரைங்கிறது என்ன செடி தெரியுமா? நம்ம மண்ணோட செடி. தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், காவல் வேண்டாம். யார் தயவும் இல்லாம வளரும். யார் தயவும் வேண்டாத ஒரு செடிக்கே இங்க பதினேழு பேர் ராப்பகலா உழைக்கறோம்னா, மத்த செடிக்கெல்லாம் எத்தனை பேர் தேவைப்படும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மேலிடத்துக்கு அதைத்தான் எழுதியிருக்கேன்." ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "தானா வளர்ற செடியை நாங்க அங்கீகரிச்சா அப்புறம் நாங்க எதுக்கு? நீங்க வருத்தப்பட வேண்டாம். ஆனி மாசம் ஸ்தல ஆய்வுக்கு வருவோம். செடி தரமா இருந்தா விதியைத் தளர்த்தலாம்."

ஆனி மாசம் ஏன் என்று மந்திரமூர்த்தி கேட்கவில்லை. தென்காசி வட்டாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் மெட்ராஸில் இருக்கிற அத்தனை இலாகாவுக்கும் தென்காசியில் ஆய்வு செய்ய வேண்டியது ஏதாவது அகப்பட்டுவிடும். மற்ற ஒன்பது மாசமும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக ஐதீகம்.

ஆனி இருபதாம் தேதி மத்தியானம் ஒரு ஜீப் வந்து நின்றது. மெட்ராஸ் இயக்குநர் முன்சீட்டில், தலையில் எண்ணெய் வழிய, ஐந்தருவிக்குப் போகிற வழியில் வந்திருந்தார். அவர் இறங்கவில்லை. முத்துக்குமாரசாமியும் கணபதிசுப்பிரமணியனும் அளவு நாடாவோடு இறங்கினார்கள்.

காரை ஆனியில் பழுக்காது. காயே பச்சையாகத்தான் இருக்கும். ஆபீஸ் படிவத்திலோ 'ஆய்வு நாளில் பழங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. முந்தின நாளே இதைக் கேள்விப்பட்ட மந்திரமூர்த்தி, வள்ளித்தாயை மஞ்சள் போட்டுப் பச்சரிசி மாவு பிசையச் சொல்லி, உருண்டை உருண்டையாக உருட்டி, நூலில் கோத்து, அவளோடு சேர்ந்து செடியில் கட்டியிருந்தான். முள் கிழித்த கீறலோடு அவள் அவனைப் பேசிய பேச்சு தனி. விடிந்து பார்த்தால் பாதியைக் காக்காயும் மீதியில் முக்கால்வாசியை எறும்பும் தீர்த்திருந்தன. மிச்சம் ஏழு.

"பழம் ஏழு" என்று எழுதிக்கொண்டார் எழுத்தர். "பறவை?"

ஜீப் சத்தத்தில் குருவிகள் எல்லாம் பறந்திருந்தன. மேலே கூட்டில் அடைகாத்துக் கிடந்த கொண்டைக்குருவி மட்டும் அசையாமல் இருந்தது.

"அது எண்ணிக்கையில வராது. பறந்தாத்தான் பறவை" என்றார் எழுத்தர். "காக்கா நாலு உக்காந்திருக்கு. காக்கா பட்டியல்ல இல்ல."

"நல்லக்கண்ணு செடியில என்ன கண்டிய?"

"பறவையினம் ஒண்ணு பதிஞ்சிருக்கோம். நாட்டுக்கோழி." அவர் கொஞ்சம் நாக்கைச் சப்புக்கொட்டினார். "ரெங்கம்மாள் கைப்பக்குவம்."

முத்துக்குமாரசாமி இலையைத் திருப்பிப் பார்த்தார். "புழு ஓட்டை நிறைய இருக்கு. முன்மாதிரிச் செடியில புழு இருக்கக் கூடாது. மருந்து அடிக்கணும்."

"புழு இருந்தாத்தானங்கய்யா குருவி வரும்?"

"அப்படியா? இதெல்லாம் குருவியோட கோணத்துல இருந்து பாக்கறது. நாம நிர்வாகத்தோட கோணத்துல பாக்கணும்." பிறகு சட்டைக்கை முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "முள்ளையும் நீக்கணும். நீக்கிட்டு, ஆடு வராம இருக்கச் சுத்தி முள்கம்பி போட்டுருங்க."

அதோடு விட்டாலும் பரவாயில்லை. போகும்போது சொன்ன வார்த்தைதான் மந்திரமூர்த்தியை வாட்டியது. "ஒங்க சகலை செடியைப் பாருங்க. ஆறே மாசத்துல நாலு அடி. மாசாமாசம் ரிஜிஸ்டர்ல ஏறிட்டே போகுது. ஒங்க செடி முப்பத்தஞ்சு வருஷத்துல ஆளுயரந்தான் வந்திருக்கு. வளர்ச்சி விகிதம் ரொம்ப மோசம்."

ஜீப்பிலிருந்து இயக்குநர் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி, "ஐந்தருவியில தண்ணி கூடியிருக்காமா?" என்பது. கூடியிருப்பதாக மந்திரமூர்த்தி சொன்னான். ஆய்வு திருப்திகரமாக முடிந்தது.

ஒரு வாரம் கழித்து, 'மனு தள்ளுபடி' என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி: 'எனவே மேற்படி செடி இவ்வலுவலகப் பதிவுகளில் இல்லாததாகக் கருதப்படும்.'

ஆறு மாசத்தில் நாலு அடி. அந்தக் கணக்குதான் அவனைத் தூங்கவிடவில்லை. அவன் செடியிலிருந்து போன கன்று, அவன் சகலையிடம் போனதும் ஏன் இப்படித் துள்ளுகிறது? தன்னிடம் இருக்கிறவரைக்கும் ஒரு செடிகூட மனம் விட்டு வளராதா? மறுநாள் கருக்கலில் காட்டுப் பக்கம் போனவன், தன் காரைச்செடி குலுங்குவதைப் பார்த்தான். முயல் என்று நினைத்துக் கிட்டத்தில் போனால் கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. நல்லக்கண்ணு. கையில் அரிவாள். காலடியில் அஞ்சடிக் கிளை ஒன்று.

"ஏலே, என்னலே செய்யுத?"

நல்லக்கண்ணு அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கிளையை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. அப்படியே குத்தவைத்துவிட்டான்.

"செத்துப் போச்சு அண்ணாச்சி. தையிலயே செத்துப் போச்சு. தினமும் ரெண்டு கொடம் தண்ணி ஊத்தணும்னு ஆபீசுல அட்டை குடுத்தானுவ. ஊத்தினேன். வேரு அழுகிப் போச்சு. போய்ச் சொல்லலாம்னா அதுக்குள்ள போர்டைக் கொண்டாந்து ஊனிட்டானுவ. மாசாமாசம் அளக்க வருதானுவ. ஒவ்வொரு மாசமும் ஒங்க செடியில ஒரு கெளை ஒடிச்சு நட்டு வைக்கேன். போன மாசத்தைவிடக் கொறஞ்சுரக் கூடாதேன்னு பெரிசாத்தான் ஒடிக்க வேண்டியிருக்கு."

மந்திரமூர்த்திக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூணு மாசத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

"எம் பொழைப்பு என்ன பொழைப்பு அண்ணாச்சி" என்று நல்லக்கண்ணு மூக்கைச் சிந்தினான். "ஒங்களைப் பாத்தாத்தான் எரியுது. ஒரு பொட்டுத் தண்ணி ஊத்துதியளா? எம்புட்டுக் குருவி, எம்புட்டுச் சத்தம். எம் போர்டு மேல ஒரு காக்கா வந்து எச்சம் போடல. மாமாகிட்ட மட்டும் சொல்லிராதிய."

மாமனாரிடம் சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மந்திரமூர்த்தி செய்த பிசகு, நேரே தென்காசி ஆபீசுக்குப் போனது.

முத்துக்குமாரசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "செத்துப் போச்சுன்னு சொல்றீங்க. ஆனா மாசி மாசம் ஒண்ணரை அடி, பங்குனி ரெண்டடி, இங்க பாருங்க, வைகாசி மூணேமுக்கால். செத்த செடி வளருமா?"

"அது எஞ் செடியோட கெளைங்கய்யா."

"ஒங்க செடிதான் பதிவுலயே இல்லையே. இல்லாத செடியில இருந்து எப்படிக் கிளை ஒடிக்க முடியும்?" கோபமில்லாமல்தான் கேட்டார். "இதப் பாருங்க. பதிவான செடி சாகாது. சாகறதுன்னா முன் அனுமதி வாங்கணும். போன வாரம் இயக்குநர் குற்றாலத்துல வச்சு இந்தச் செடியைப் பத்தித்தான் பேசினாரு. அடுத்த மாசம் பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கு அங்க ஒரு செடி வேணும். ஆளுயரத்துக்கு, வேரோட, குருவியோட வேணும்." ரிஜிஸ்டரை மூடினார். "ஒங்க செடியைத் தோண்டி, போர்டுக்குக் கீழ நட்டுட்டா என்ன? பொய்யை நாம எழுத வேண்டாம். ஃபைல் ஏற்கெனவே எழுதியாச்சு. நிலைமையைத்தான் ஃபைலுக்குத் தக்கன சரி பண்ணப் போறோம்."

மந்திரமூர்த்தி கிளம்பத் திரும்பினான். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"போர்டுல ஒங்க பேரையும் போட்டுரலாம். 'தாய்ச்செடி உபயம்: திரு. மந்திரமூர்த்தி.' நல்லக்கண்ணு பேருக்குக் கொஞ்சம் மேலயே போடச் சொல்றேன்."

கொஞ்சம் மேலே. செங்கோட்டை பஸ், பண்பொழி பஸ், மாமனார் ஏறுகிற பஸ் எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் வரிசையாகப் போயின. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னான். வள்ளித்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போர்டுல ஒங்க பேரு வருது. சரி. செடி?"

"அதான் போர்டுகிட்ட போகுது."

"கூட்டுல ரெண்டு குஞ்சு கெடக்கு. நேத்துத்தான் கண்ணு தொறந்துச்சு. அது?"

"அதுவும் கூடப் போகும்."

"அதுக்கும் ஆர்டர் போட்டிருக்காவளா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

ஆடி மூணாம் தேதி மேற்பார்வையாளர் நாறும்பூநாதன் இரண்டு ஆட்களோடு மம்பட்டி, கடப்பாரை சகிதம் வந்தார். பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த ஈரத்துண்டு தோளில் கிடந்தது. அவருக்கு அவசரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மெயின் அருவிக்குப் போவதாகத் திட்டம்.

முதல் கடப்பாரை இறங்கியது. செடி ஒரு தடவை அதிர்ந்தது. தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே பனைக்குப் பறந்தன. வாயில் பச்சைப் புழுவோடு கொண்டைக்குருவி எங்கிருந்தோ வந்து, ஆட்களின் தலைக்கு மேலே உச்சிக் கிளையில் உட்கார்ந்து, கத்தவும் மாட்டாமல் புழுவை விடவும் மாட்டாமல் தவித்தது. பிறகு என்ன நினைத்ததோ, நேரே உள்ளே இறங்கிவிட்டது. குஞ்சுகள் கீச்சென்று வாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

மந்திரமூர்த்திக்கு அப்போது இரக்கம் வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வந்தது இரக்கம் இல்லை. செடி அங்கே போனால் இந்தக் குருவியும் அங்கேதானே போகும் என்று பட்டது. தவிட்டுக்குருவி போகும், காடை போகும், முயலும் போகும். விடியக்காலையில் நல்லக்கண்ணு கட்டிலில் படுத்துக்கொண்டே இந்தச் சத்தத்தையெல்லாம் கேட்பான். தனக்குப் பேர் மட்டும் ரோட்டோரத்தில் நிற்கும். அடிவயிற்றிலிருந்து குபுகுபு என்று ஏறியது. சித்திரை மாசப் பந்தியில் எரிந்தது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"நிறுத்துங்கவே" என்றான்.

நாறும்பூநாதன் திரும்பினார். "என்னவே?"

"இங்கன செடியே இல்ல. எதைத் தோண்டுதிய?"

நாறும்பூநாதன் செடியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "இது என்னதுவே?"

மந்திரமூர்த்தி வீட்டுக்கு ஓடி அந்தத் தள்ளுபடிக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "ஒங்க ஆபீசு கடுதாசிதான். 'இல்லாததாகக் கருதப்படும்'னு போட்டிருக்கு. உதவி இயக்குநர் கையெழுத்து. நீரு இங்கன ஒரு செடி இருக்குன்னு தோண்டினா, அவரு எழுதினது பொய்யின்னுல்லா ஆகும்?"

நாறும்பூநாதன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் மேலதிகாரியின் கையெழுத்துக்கு எதிராக ஒரு மம்பட்டி மண் அள்ளியவர் இல்லை. முகம் வெளுத்தது. பிறகு வாட்சைப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"செடி இல்லைன்னா நான் ஸ்தலத்துல செடி இல்லைன்னு ரிப்போர்ட் எழுதணும். எழுதிட்டா பெறகு எந்தக் காலத்துலயும் ஒமக்கு இங்கன செடி கெடையாது. எவனும் வந்து பாக்க மாட்டான். போர்டும் வராது, பேரும் வராது. நல்லா யோசிச்சுக்கிடும்."

மந்திரமூர்த்தி யோசித்தான். 'கொஞ்சம் மேலே' இன்னமும் கண்ணுக்கு முன்னால் நின்றது. உள்ளே குஞ்சு மறுபடியும் கீச்சிட்டது.

"எழுதும்வே" என்றான்.

எழுத இரண்டு கையும் வேண்டியிருந்ததால் நாறும்பூநாதன் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து, உதறி, காரைச்செடி மேலே காயப் போட்டார். அதன் நிழலிலேயே உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார்: 'மேற்படி புலத்தை நேரில் பார்வையிட்டதில் காரைச்செடி ஏதும் காணப்படவில்லை.' எழுந்திருக்கும்போது முள் முழங்கையைக் கீறி, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம் விழுந்தது. அதன் மேலேயே முத்திரையைக் குத்தினார். துண்டை எடுக்கப் போனால் செடி விடவில்லை. ஆறேழு இடத்தில் கிழித்துக்கொண்டுதான் எடுத்தார். எதில் கிழிந்தது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அடுத்த பந்தியில் மந்திரமூர்த்தி அந்த ரிப்போர்ட்டின் நகலை மாமனார் கையில் கொடுத்தான். அவருக்கு வாசிக்கக் கண்ணாடி அகப்படவில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"சீல் நல்லா அழுத்திக் குத்தியிருக்கான்" என்று சொல்லி, முதல் இலையை அவனுக்குப் போட்டார்.

நல்லக்கண்ணு மறுநாளே தென்காசிக்கு ஓடினான், தனக்கும் ஒரு 'செடி இல்லை' வேண்டும் என்று. கணபதிசுப்பிரமணியன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "நாலரை அடியில ஜம்முனு நிக்கு. நிக்கிற செடியை எப்படிய்யா இல்லைன்னு எழுத?" பெரியவர்கள் நாலு பேரும் குற்றாலத்துக்கு வந்தார்கள். ஜீப் இலத்தூர் வரைக்கும் வருவதற்குள் சாரல் பலத்துவிட்டதால் போர்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ரொம்ப நன்றாக இருப்பதாக எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு அளக்கவும் ஆள் வரவில்லை. செடி ரிஜிஸ்டரிலேயே வளர்ந்தது. மறு சாரலில் ஏழு அடி.

அந்தக் கார்த்திகையில் இல்லாத செடியில் பழம் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்துத் தள்ளியது. குருவிகள் தின்ற வயிற்றோடு எங்கெங்கோ பறந்தன. தை பிறந்து ஒரு நாள் செங்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மந்திரமூர்த்தி போர்டைப் பார்த்து நின்றான். உச்சியில் கொண்டைக்குருவி ஜோடி உட்கார்ந்திருந்தது. 'திரு. நல்லக்கண்ணு' மேலே வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. கீழே, போர்டின் இரும்புக் காலை ஒட்டி, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஒரு சாண் உயரத்துக்குக் காரைக் கன்று ஒன்று முளைத்து நின்றது. இன்னும் முள் முற்றவில்லை. நல்லக்கண்ணு பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் தண்ணீர் ஊற்றியிருப்பான்.

என் குருவி. என் பழம். அவன் போர்டு.

ரோட்டோரமாக ஒரு வெள்ளாடு மேய்ந்துகொண்டே வந்தது. கன்றுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மந்திரமூர்த்தி அக்கம்பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை. ஆடு இன்னும் ஒரு எட்டு வைத்தது. அவனும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு கல்லை எடுத்து ஆட்டை விரட்டினான். வேலியோரம் கிடந்த உடைமரத்து முள்ளை இழுத்துவந்து கன்றைச் சுற்றி அடைத்தான். கையெல்லாம் முள் கீறி, வயிறு எரிய, ஏசிக்கொண்டேதான் அடைத்தான்.